தட்டாஞ்சாவடியில் ஒரு கறுப்பு லாகர்

காலை ஆறேகால் மணிக்குக் கோயம்பேட்டில் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பேருந்தில் ஏறினேன். கட்டணம் ஐம்பத்தைந்து ரூபாய். அது 2007, ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பத்து மணிக்குப் புதுச்சேரியில் இறங்கி, ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய் கொடுத்துத் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைக்குப் போனேன். பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறைக்கும் லேத் பட்டறைக்கும் நடுவே ஒரு தகரக் கொட்டகை. அங்கேதான் அந்துவான் பீர் காய்ச்சிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

அவர் ஒரு ‘சொல்தா’. பிரெஞ்சு ராணுவத்தில் ஓய்வு பெற்றவர்களை ஊரில் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு செக் நாட்டில் ஒரு சின்ன பீர் ஆலையில் மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறார். அங்கே கற்ற கறுப்பு லாகரை, அதாவது வாரக்கணக்கில் குளிரில் ஊறவைக்கும் பீரை, சோதனை அனுமதி வாங்கி, இங்கே காய்ச்சியிருந்தார். முதல் தொட்டி, இருநூறு லிட்டர், ஏழு வாரமாகக் குளிரில் ஊறுகிறது. மாலை நான்கு மணிக்கு ஒரு ஓட்டல் மேலாளர் ருசி பார்க்க வருகிறார். அவருக்குப் பிடிக்காவிட்டால் கொட்டகையை மூடிவிட்டு பிரான்சில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடுவதாக அந்துவான் மனைவி மேரிக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

பதினொன்றே முக்காலுக்குக் குளிரூட்டும் கம்ப்ரஸர் ஒருமுறை குலுங்கிவிட்டு நின்றது. மெக்கானிக் கடலூரில் இருந்தார். ஆறு மணிக்கு முன் வர முடியாது. தொட்டியின் வெப்பமானி இரண்டு டிகிரி காட்டியது. ஒரு மணிக்கு ஐந்து. கூரையிலிருந்து அனல் இறங்கியது.

“பத்தத் தாண்டிச்சின்னா தொறந்ததும் எல்லாம் நுரையா வந்துடும் சார். ஊத்துறதுக்கு ஒண்ணும் இருக்காது” என்றார் அந்துவான்.

துறைமுக ஐஸ் ஃபாக்டரிக்குப் போன் செய்தார். மூன்றரைக்குத்தான் அடுத்த ஐஸ் வெளியே வருமாம். என்னை டெம்போவில் ஏற்றிக்கொண்டு குருசுக்குப்பம் கரைக்கு ஓட்டினார். அங்கே பூங்காவனம் என்ற மீன் வியாபாரி, நான்கு பார் ஐஸை உமியில் மூடி வைத்திருந்தார்.

“அக்கா, மூணு பார் குடுங்க. ஃபாக்டரில ஐஸ் வந்ததும் வாங்கியாந்து குடுத்துடுறேன்.”

“எதுக்கு?”

“பீருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “இந்தப் பாற மீன சாயங்காலம் விழுப்புரம் வண்டியில ஏத்தணும். ஒன் பீரு கெட்டா கொட்டிடுவ. என் மீனு கெட்டா நான் என்னாத்த விக்கிறது?”

“ஏழு வாரமா அதுகூடவே கெடக்கேன்க்கா.”

பூங்காவனம் எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உமியை விலக்கினார். “நாலு மணி. அதுக்கு மேல தாங்காது. காசு வாணாம், ஐஸாவே குடு.”

இரண்டு மணிக்குக் கொட்டகைக்குத் திரும்பியபோது வெப்பமானி எட்டைக் காட்டியது. மேரியும் சேர்ந்துகொள்ள, ஐஸைக் கடப்பாரையால் உடைத்து, சாக்கில் கட்டித் தொட்டியைச் சுற்றி அடுக்கினோம். முள் அசையவே இல்லை. மூன்று மணிக்கு ஏழாக இறங்கியது. அந்துவான் கடிகாரத்தைப் பார்த்தார், வண்டிச் சாவியை எடுத்தார்.

“மேனேஜர் வர்ற நேரத்துல எங்க போறீங்க?” என்றார் மேரி.

“அந்தக்கா என்ன நம்பித்தான குடுத்தாங்க. சார், அவரு வந்துட்டா நீங்க ஊத்துங்க. கிளாஸ சாய்ச்சிப் புடிங்க.”

மேலாளர் பத்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். அந்துவான் இல்லை என்றதும் முகம் மாறியது. பதினைந்து நிமிடம் காத்திருந்தார். பிறகு எழுந்தார். வேறு வழியின்றி நான் குழாயைத் திறந்தேன். முதல் கிளாஸ் முழுக்க நுரை. இரண்டாவதும் அப்படியே. வாளியில் கொட்டிவிட்டு, கிளாஸை இன்னும் சாய்த்துப் பிடித்தேன். மூன்றாவதில் கறுப்பு அடியில் தங்க, மேலே இரண்டு விரல் உயரத்துக்குப் பழுப்பு நுரை நின்றது.

“என்னங்க இது, டிகாக்‌ஷன் மாதிரி இருக்கு? மொதல்ல நீங்க குடிங்க” என்றார் மேலாளர்.

குடித்தேன். ரொட்டியின் கருகிய ஓரத்து வாசனை. நாக்கில் லேசான இனிப்பு, பின்னால் வறுத்த கடலைத் தோலின் கசப்பு. இவ்வளவு கறுப்பான ஒன்று தொண்டையில் இத்தனை லேசாக இறங்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த கிளாஸை அவரிடம் நீட்டினேன். நின்றபடியே ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய். பிறகு உட்கார்ந்தார்.

நான்கு முப்பத்தைந்துக்கு அந்துவான் உள்ளே வந்தார். சட்டை முழுக்க மீன் தண்ணீர். மேலாளர் காலி கிளாஸை மேரியிடம் நீட்டிக்கொண்டிருந்தார். அந்துவான் என் பக்கத்தில் வந்து மெதுவாக, “நுரை நின்னுச்சா சார்?” என்றார்.

“நின்னுச்சு. அந்தக்காவுக்கு?”

“நாலுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கச்சே போயிட்டேன். ஒடச்சி, பொட்டியில போட்டுக் குடுத்துட்டுதான் வந்தேன்.” அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாதம் நூறு லிட்டர் வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். மேரி வாளியைக் கழுவப் போனார். பிரான்ஸ் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு மணிப் பேருந்தில் சென்னைக்குத் திரும்பினேன். எங்கள் ஊர்க் கடையில் பீர் வாங்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: கூலிங்கா இருக்கா? இருபது வருடமாக நானும் அதைத்தான் கேட்டு வந்திருக்கிறேன். அந்தக் கூலிங்குக்காக ஒருவர் வேர்த்து ஓடுவதை அன்றுதான் பார்த்தேன்.