ஆம்பளை சீட்டில் வெயில்

ராயபுரத்திலிருந்து எண்ணூர் போகும் பஸ்ஸில் காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். சாயங்காலம் திரும்பி வரும்போதும் வலப்பக்கம்தான். பஸ் திரும்பிக்கொள்கிறது, சூரியனும் பக்கம் மாறிக்கொள்கிறது. வலப்பக்கம் ஆண்கள் சீட்டு, இடப்பக்கம் பெண்கள் சீட்டு. இருபது வருடமாகப் போய் வந்தும் இந்த அநியாயம் எனக்குத் தெரியவில்லை. என் வலது கை சிவந்த பிறகுதான் தெரிந்தது.

எனக்கு முடக்குவாதம். அதற்கு ஒரு மாத்திரை. மாத்திரை வருவதற்கு முன்னால் காலையில் விரல் மடங்காது. மனைவிதான் சட்டைப் பித்தானைப் போட்டுவிடுவாள். சோறு வடிக்கிற அவசரத்தில் ஒன்றை மாற்றிப் போட்டுவிடுவாள். ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி கம்பெனிக்குப் போவேன். அங்கே எனக்கு எடைமேடையில் சீட்டு எழுதும் வேலை. நான் எழுதிய மூன்றை லாரிக்காரர்கள் எட்டு என்று படித்துச் சண்டைக்கு வருவார்கள். மூன்று மாதத்தில் மாத்திரை விரலைத் திருப்பிக் கொடுத்தது. பித்தானை நானே போட்டேன். நானும் மாற்றித்தான் போட்டேன், ஆனால் நானே போட்டது.

அப்போதுதான் தோல் ஆரம்பித்தது. வலது கன்னமும் வலது கையும் சிவந்து தடித்தன. இடப்பக்கம் வழக்கமான கறுப்பு. டாக்டரம்மா இரண்டு பக்கத்தையும் பார்த்தார்.

"இந்த மாத்திரை சாப்பிடற சில பேருக்கு வெயில் ஒத்துக்காது. முழுக்கை சட்டை போடுங்க, க்ரீம் தடவுங்க, வெயில்ல உக்காராதீங்க. அடுத்த மாசமும் இப்படியே வந்தீங்கன்னா மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும்."

ஒரு மாதம் கெடு. முழுக்கை போட்டேன். க்ரீமும் தடவினேன். கம்பெனி வாசலில் காவலாளி என் முகத்தைப் பார்த்து, "இன்னா நைனா, மாவு மில்லுல வேலை கெட்ச்சிருச்சா?" என்றான். சாயங்காலத்தை ஓவர்டைம் பார்த்து, இருட்டிய பிறகு கிளம்பிச் சமாளித்தேன். காலைக்குத்தான் வழியில்லை. ஆறு மணி வண்டியில் போகச் சொன்னாள் மனைவி. என் முட்டி எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை. நிழலில் நின்றுகொண்டே போகலாம் என்றால் அதற்கும் முட்டி ஒத்துக்கொள்ளாது. உட்கார்ந்தால் தோல் போச்சு, நின்றால் கால் போச்சு.

ஒருநாள் துணிந்து, காலியாக இருந்த பெண்கள் சீட்டில் உட்கார்ந்தேன். ஜில்லென்று இருந்தது. அந்தச் சுகம் டோல்கேட் வரைதான். அங்கே அன்னக்கூடையோடு ஒரு மீன்கார அக்கா ஏறினார். எண்ணூர் குவார்ட்டர்ஸ் பக்கம் கடை விரிப்பவர்.

"யோவ், எயுந்திரு. மேல இன்னா எய்திக் கீது?"

"யக்கா, எனக்கு வெயில் ஒத்துக்காது."

"ஏன், நீ இன்னா ஐஸ் பெட்டியா?"

பஸ்ஸே சிரித்தது. நான் சட்டைக்கையை மடக்கிக் காட்டினேன். மாத்திரை, டாக்டர், கெடு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், விலை கேட்கப்போகிறவர் மாதிரி.

"அத்த நிறுத்திட்டா இன்னா ஆவும்?"

"விரல் மடங்காது."

"சரி. எயுந்திரு."

எழுந்தேன். அவர் என் இடத்தில் உட்காரவில்லை. எதிர்ப்பக்கம் ஆண்கள் சீட்டில் என்னை உட்கார வைத்தார். மீன் பரப்பும் நீலத் தார்ப்பாயைக் கூடையிலிருந்து எடுத்து, ஜன்னல் கம்பியில் இரண்டு மூலையையும் இழுத்துக் கட்டினார். அதன் பிறகு தன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வெயில் நின்றது. காற்றும் நின்றது.

"யோவ், காத்தே வர்ல! இன்னா, கொட்டா போட்டுக்கினு குடும்பம் நடத்துறியா?" என்றான் பின்சீட்டு ஆள்.

"அவரு கை வெளங்கறதுக்கு மாத்திரை துன்றாரு. நீ இன்னாத்துக்கு கத்திக்கினு கீற? கம்முனு குந்து" என்றார் அக்கா.

அன்றிலிருந்து டோல்கேட்டில் தினமும் திரை கட்டப்பட்டது. டோல்கேட் வரும்வரை நான் சீட்டுகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வருவேன். கண்டக்டர் ஒருநாள் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார். என் வியாதி ஒரு பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. சட்டையில் சங்கரா மீன் வாசனை. கம்பெனிப் பூனைகள் என்னைப் பார்த்து எழுந்து நின்றன. அங்கே வேறு யாரும் எனக்கு அப்படிச் செய்ததில்லை.

மாதம் முடிந்து டாக்டரம்மாவிடம் போனேன். கையைப் பார்த்தார், கன்னத்தைப் பார்த்தார், லேசாக மூக்கைச் சுளித்தார்.

"நல்லா கொறைஞ்சிருக்கே. என்ன பண்ணீங்க?"

"திரை போட்டுக்கிட்டு வர்றேன், டாக்டர்."

எந்தத் திரை என்று அவர் கேட்கவில்லை. மாத்திரையைத் தொடரச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

மறுநாள் டோல்கேட்டில் அக்கா ஏறியதும், "மாத்திரைய நிறுத்தலக்கா" என்றேன்.

"வெரலு மடங்குதா?"

மடக்கிக் காட்டினேன்.

"அப்ப நீயே கட்டிக்கோ. நான் இன்னா, நீ சம்பளத்துக்கு வெச்ச ஆளா?" என்று தார்ப்பாயை என் மடியில் போட்டார்.

கட்டினேன். ஒரு மூலை முடிந்து அடுத்த மூலைக்கு வருவதற்குள் பஸ் திருவொற்றியூர் வந்துவிட்டது. அக்கா எழுந்து வந்து முடிச்சை ஒரு விரலால் இழுத்துப் பார்த்தார். அவிழ்ந்தது.

"இத்தெல்லாம் ஒரு முடிச்சா? மறுக்கா கட்டு."

மறுபடி கட்டினேன்.