கதிரை எனக்கு

எங்கள் கந்தோரில் பாஸ்வேர்ட் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். திருகோணமலைத் துறைமுகத்துக்கு வரும் கப்பல்களின் பத்திரங்களைப் பார்க்கிற சின்னக் கந்தோர் அது. மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிக் கணினி அடம்பிடிக்கும். கிண்ணியாவிலிருந்து வரும் கணக்காளர் தன் ஊர்த் தயிரைத்தான் பாஸ்வேர்டாக வைத்திருந்தார். மாதத்துக்கு மாதம் தயிருக்குப் பின்னால் இலக்கம் மட்டும் ஏறும். "தயிர் இந்த மாசம் எத்தினையாம்?" என்று கேட்டால் கூச்சமில்லாமல் சொல்லுவார். முகாமையாளரோ தன்னுடையதைத் துண்டுக் கடதாசியில் எழுதித் திரையிலேயே ஒட்டியிருந்தார். அதற்கு மேலே 'இரகசியம்' என்று வேறு எழுதியிருந்தார்.

என்னுடையதை நான் ஒருத்திக்கு மட்டும்தான் சொன்னேன். பக்கத்து மேசைக்காரி, என்னைவிட இளையவள், நிலாவெளியிலிருந்து பஸ்ஸில் வருவாள். நான் லீவில் நின்றால் என் கணினியைத் திறந்து வேலையை அவள் முடிப்பாள். அவள் நின்றால் நான். மத்தியானச் சாப்பாட்டிலும் பாதிக்குப் பாதிதான்.

எங்கள் பிரிவுத் தலைவர் ஓய்வுபெறப் போகிறார் என்றதும், அந்தக் கதிரை எனக்குத்தான் என்று கந்தோரே கதைத்தது. எனக்கும் ஆசைதான், மறைப்பானேன். அந்த மாதம் பகிடிக்கு 'கதிரை எனக்கு' என்றே பாஸ்வேர்ட் போட்டேன். அவளிடம் சொன்னபோது குடித்த தேத்தண்ணீர் புரையேறச் சிரித்தாள்.

"ஓம் அக்கா, அது கட்டாயம் உங்களுக்குத்தான்," என்றாள்.

அந்தப் பதவிக்கான நேர்முகத்தில் முகாமையாளர் என் கோப்பைத் திறக்கவேயில்லை.

"கதிரை உங்களுக்கெண்டு நீங்களே முடிவெடுத்திட்டீங்களாம். இருக்கிற மனுசன் இன்னும் எழும்பேல்லை, அதுக்குள்ள என்ன அவசரம்?"

முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சுட்டன. "அது பகிடி, சேர்," என்றேன். நான் இருக்கிற கதிரையின் கால் ஆடுகிறது, புதுக் கதிரை ஒன்றைத்தான் கேட்டேன் என்று சொல்லியாவது தப்பியிருக்கலாம். அந்த யோசனை பிறகுதான் வந்தது.

பதவி பக்கத்து மேசைக்காரிக்கே போனது. என் பாஸ்வேர்டைச் சேரிடம் சொன்னாயா என்று நேரேயே கேட்டேன்.

"சும்மா கதைக்கேக்க வாயில வந்திட்டுது அக்கா. சேரும் சிரிச்சவர்தானே."

வாயில் வந்ததாம்! என் சோற்றில் பாதியைத் தின்ற வாய். பதவி போன துக்கம் ஒரு கிழமையில் ஆறிவிட்டது. என் பகிடியாலேயே என் கழுத்தை அறுத்தாளே, அது இன்னும் எரிகிறது. தலைவியாக அவள் போட்ட முதல் அறிவித்தல், பாஸ்வேர்டை எவருக்கும் சொல்லக்கூடாது என்பது. அதை வாசித்துவிட்டுக் கழிவறைக்குள் போய் அழுதேன்.

அடுத்த மாதம் கணினி வழக்கம்போல் அடம்பிடித்தது. தலைவியின் மேசையிலிருந்து, ஒன்றுமே நடக்காதது போல அவள் என்னைக் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்டும் வருதில்லை. நீங்கள்தானே நல்ல நல்லதாக் கண்டுபிடிப்பீங்கள். ஒண்டு சொல்லுங்கோவன்."

"என்ர பழசைப் போடுங்கோ, மிஸ்," என்றேன். அன்றுவரை அவளை நான் 'நீ' என்றுதான் கூப்பிட்டு வந்தேன். "இப்ப அது உங்களுக்குத்தான் சரி."

கணக்காளர் தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரத்தில் அவள் தட்டுகிற சத்தம் கேட்டது. கணினி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.