இரண்டாம் லீக்கில் என் மருமகன்

என் மருமகன் நோர்வேயில் உதைபந்தாடுகிறான் என்று நான் சொல்லாத ஆள் மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இல்லை. எங்கள் கட்டடத்தின் கீழே இருக்கும் தெப்பனேர் என்கிற சில்லறைக் கடைக்காரருக்குச் சொன்னேன். அவருக்குத் தமிழ் தெரியாது, என் பிரெஞ்சு மட்டுமட்டு. கையையும் காலையும் ஆட்டிக் காட்டினேன். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில், கட்டிலோடு தள்ளிக்கொண்டு போகும் நோயாளிகளுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். சத்திரசிகிச்சைக்குப் போகிற மனிதர், பாவம், எழும்பியா ஓட முடியும்?

மருமகன் என்றால் என் ஒரே அக்காவின் ஒரே மகன். நாட்டில் நடந்த சண்டை எங்களைச் சிதறடித்தபோது அக்கா நோர்வேக்குப் போனாள், நான் மொன்றியலுக்கு வந்தேன். அவனுக்கு முதற்சோறு தீத்துகிற நாளுக்கு நான் இங்கிருந்து விமானம் ஏறிப் போனேன். தாய்மாமன் மடியில் இருத்தித்தான் தீத்த வேண்டும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். அவன் என் மடியிலிருந்து அந்தச் சோற்றை என் புது வேட்டியிலேயே துப்பினான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வேட்டியைத் திரும்பி வந்தும் கொஞ்சநாள் தோய்க்காமல் வைத்திருந்தேன்.

அவன் ஆடியது அந்த நாட்டின் இரண்டாம் மட்ட லீக்கில். பெரிய குழுக்கள் எல்லாம் மேலே ஒரு லீக்கில் ஆடும். இது அதற்கு அடுத்தது. இதை நான் விளக்கமாக யாருக்கும் சொன்னதில்லை. "பெரிய லீக்கோ?" என்று கேட்டால், "ஓம், ஓம்" என்றுவிட்டுத் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். கோயிலில் ஒருவர், "உங்கட மருமகன் நோர்வே நாட்டுக்கே விளையாடுறாராம்" என்று கேட்டபோது நான் திருத்தவில்லை. அந்தக் கதை கிளம்பிய இடமே என் வாய்தான்.

ஏப்ரலில் பருவம் தொடங்கியது. இங்கே நடைபாதை ஓரத்தில் கறுத்துப்போன பனி இன்னும் குவிந்து கிடந்தது. நான் கைத்தொலைபேசியில் ஒரு குழு திறந்தேன். 'எங்கட தம்பி' என்று பெயர் வைத்து, அவன் பந்தோடு ஓடும் படத்தையும் போட்டு, வேலையிடத்து ஆட்கள், கோயில் ஆட்கள் என்று இருபது பேரைச் சேர்த்தேன். சேர்த்ததில் முதல் ஆள் மருமகன். இவர்கள் புகழுவதெல்லாம் அவனுக்கும் போய்ச் சேரட்டும் என்ற ஆசை. அவன் அதில் ஒருநாளும் ஒன்றும் எழுதவில்லை. அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கேட்டால்தான் விளங்கும். நாலைந்து கிழமையில் அவன் அதற்குள் இருக்கிறான் என்பதையே நான் மறந்துபோனேன்.

நோர்வேயில் பின்னேர ஆட்டம் என்றால் எங்களுக்கு முற்பகல். ஞாயிற்றுக்கிழமைகளில் அதை ரிவியில் பார்க்க என் வீட்டுக் கூடத்தில் நாலைந்து பேர் கூடுவார்கள். என் மனைவி ரோல்ஸ் பொரிப்பாள். சின்ன மைதானம், செயற்கைப் புல், ஒரு பக்கத்தில் மட்டும் ஆட்கள் இருக்க இடம். மருமகன் இடப்பக்கம் நின்று தடுக்கிற ஆட்டக்காரன். கோல் அடிக்கிற வேலை அவனுடையது இல்லை என்று கோயில் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதே எனக்குப் பெரும்பாடு. "இண்டைக்கும் அடிக்கேல்லையோ?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆட்டம் விளங்கியவர் ஒருவர்தான்: என்னோடு கட்டில் தள்ளுகிற மட்டக்களப்புத் தம்பி. அவர் ஊரில் ஆடியவர். "அண்ணை, உங்கட ஆள் பந்து வாறதுக்கு முன்னமே இடத்துக்குப் போயிடுறார். அதுதான் கஷ்டமான வேலை" என்பார். அந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு இரண்டு நாளைக்கு நடை மாறிவிடும்.

ஆவணி வரைக்கும் மருமகனின் குழு பட்டியலின் நடுவில் நின்றது. பிறகு தோல்விக்கு மேல் தோல்வி. மேல் லீக்குக்குப் போகிறார்கள் என்று நான் அளந்த குழு, கீழே மூன்றாம் மட்டத்துக்குத் தள்ளப்படும் நிலைக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில் சமப்படுத்தினால் போதும், தப்பிவிடலாம்.

அன்று என் கூடம் நிரம்பியிருந்தது. ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கோல் ஒன்றும் விழவில்லை. மருமகன் பந்தைத் தன் கோல் காப்பாளரிடம் பின்னுக்குத் தட்டினான். தட்டின வேகம் போதவில்லை. எதிராளி ஒருவன் இடையில் புகுந்து எடுத்து அடித்துவிட்டான். கமரா மருமகனின் முகத்தை விடாமல் காட்டியது. அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றான். ஆட்டம் அப்படியே முடிந்தது.

'எங்கட தம்பி' குழுவில் கோயில் ஆள் ஒருவர் எழுதினார்: "அண்ணை, உங்கட மருமகன் கவிட்டுப்போட்டார் போல." பக்கத்தில் சிரிக்கிற முகங்கள் மூன்று.

நான் குசினிக்குப் போனேன். கேத்திலைப் போடுகிற சாட்டில், தொலைபேசியை வாய்க்குக் கிட்டப் பிடித்துப் பேசிக் குழுவுக்கு அனுப்பினேன். "சீச்சீ, சொந்த மருமகன் எண்டு இல்லை. அது ஏதோ தூரத்துச் சொந்தம். நாங்கள் சும்மா செல்லமாச் சொல்லுறது." பதினொரு விநாடி. கேத்தில் கொதிக்க முதலே கூடத்தில் யாரோ அதை அழுத்திவிட்டார்கள். என் குரல் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்கே கேட்டது. நான் தேத்தண்ணீரோடு வெளியே வந்தபோது மட்டக்களப்புத் தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் அவர் வாய் திறந்தார். "அண்ணை, அந்தக் குழுவில உங்கட மருமகனும் இருக்கிறார். தெரியும்தானே?"

கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. தொலைபேசியைத் திறந்து, யார் யார் கேட்டார்கள் என்று பார்த்தேன். மருமகனின் பெயர் மேலேயே இருந்தது. ஒரு பருவம் முழுக்க இருபது பேர் அவனைப் பற்றி எழுதியது ஒன்றையும் அவனால் வாசிக்க முடியவில்லை. அந்தக் குழுவில் அவனுக்கு விளங்கக்கூடியதாக வந்த ஒரே ஒரு செய்தி, என் குரல்.

அந்தக் குரல்பதிவை அழித்தேன். அழித்த இடத்தில், ஏதோ அழிக்கப்பட்டது என்ற குறிப்பு வந்து நின்றது. அவனுக்கு அழைப்பு எடுக்கவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று கிழமைகள் போயின. வெட்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்தான், ஆனால் அதைவிடக் கோழைத்தனம்.

டிசம்பரில் நத்தார் விடுமுறைக்கு அக்காவும் அவனும் எங்களிடம் வந்தார்கள். விமான ரிக்கெட் கோடையிலேயே போட்டது. விமான நிலையத்தில் அவன் என்னைக் கட்டிப்பிடித்தான், "மாமா" என்றான், பெட்டி தூக்கப்போன என் கையைத் தட்டிவிட்டுத் தானே தூக்கினான். ஒன்றும் நடக்காததுபோல இருந்தான். ஒருவேளை விளங்கவில்லையோ என்று எனக்குள் ஒரு நப்பாசை.

ஆட்டம் பார்த்தவர்களை எல்லாம் கூப்பிட்டுச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். ஞாயிறு மத்தியானம் எல்லோரும் வந்தார்கள். அக்கா குசினியில் ரோல்ஸ் சுற்ற, நான் தட்டோடு கூடத்தில் நின்றேன். முதல் தடவையாக எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரின் மனைவி மருமகனைப் பார்த்து, "தம்பி ஆர்? இவையின்ர மருமகனோ?" என்று கேட்டார்.

என்னுடைய பதினொரு விநாடியைக் கேட்ட அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள். மருமகன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு பணிவாகச் சொன்னான்:

"இல்லை அன்ரி. தூரத்துச் சொந்தம்."

குத்திக் காட்டவில்லை. அவன் முகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. இத்தனை பேர் முன்னால் மாமா பொய்யனாக நிற்கக்கூடாது என்று நினைத்திருக்கிறான், அவ்வளவுதான்.

அக்கா கையில் மாவோடு குசினியிலிருந்து ஓடிவந்தாள். "டேய், என்ன விசர்க்கதை கதைக்கிறாய்? தாய்மாமன்ரை மடியில இருத்தியெல்லே உனக்குச் சோறு தீத்தினது!" என்று சிரித்தாள். பிறகு அவனை அதிசயமாகப் பார்த்தாள். "இவனுக்குப் பசிக்குது எண்டு சொல்லவே தமிழ் வராது. உந்தச் சொல்லை உனக்கு ஆர் பழக்கினது?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் அதைச் சொன்ன விதம் என்னுடையது. 'தூரத்து' என்பதில் நான் இழுக்கிற இழுப்பு, அதற்குப் பிறகு நான் விடுகிற சின்ன இடைவெளி. ஒருதரம் கேட்டு அப்படிச் சொல்ல முடியாது. அந்தப் பதினொரு விநாடியை, நான் அழிப்பதற்கு முன், அவன் எத்தனை தரம் போட்டுக் கேட்டிருப்பான்?

மருமகன் என்னைப் பார்க்காமல், "ரிவியில கேட்டனான், அம்மா" என்றான்.

அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். மட்டக்களப்புத் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோல்ஸ் தட்டை அவர் பக்கம் நீட்டினேன். அவர் எடுக்கவில்லை.