வடக்கு பார்த்த தொட்டி

தண்ணீருக்குப் படிப்பு எதற்கு என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் சந்தேகம். நான் செங்கல்பட்டு ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவில் சேர்ந்த அன்று, பக்கத்து வீட்டு அத்தை வாசலிலேயே மடக்கிக் கேட்டார்: "தண்ணி பள்ளத்தப் பாத்து தானா ஓடும். அத ஓட வெக்க நீ படிக்கப் போறியாடா?" கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன். பிறகு பார்த்தால், பாடப் புத்தகம் முழுக்க அத்தை சொன்ன அந்த ஒரு வரியைத்தான் படம் போட்டு விரித்து எழுதியிருந்தார்கள்.

அங்கே இரும்புக் குழாயின் முனையில் திருகு மரை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். குழாயை இறுக்கிப் பிடித்து, எண்ணெய் விட்டு, இரண்டு கையாலும் சுற்ற வேண்டும். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும். பரீட்சையில் என் மரையைப் பார்த்து வாத்தியாரே மெச்சிக்கொண்டார். சான்றிதழோடு வெளியே வந்தால் ஊரெல்லாம் பிளாஸ்டிக் குழாய். பசையைத் தடவு, சொருகு, கொஞ்ச நேரம் பிடி, முடிந்தது. "நீச்சல் கத்துகினு வந்தா ஆத்துல தண்ணியக் காணோம் மச்சான்" என்றான் கூடப் படித்தவன். பாலாற்றங்கரைக்காரன். அவனுக்கு உவமை தேடி எங்கும் அலைய வேண்டியதில்லை.

மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ஒரு ரிசார்ட்டில் கான்ட்ராக்ட் பிளம்பராகச் சேர்ந்தேன். அதே சமயத்தில் வீட்டில் பெண்ணும் பார்த்தார்கள். திருக்கழுக்குன்றத்துப் பெண். எனக்குப் பிடித்திருந்தது, அவளும் காபி கொடுக்கும்போது சிரித்தாள். சிரிக்காதவர் அவளுடைய அப்பா மட்டும்தான்.

"கான்ட்ராக்ட்ல கீறவனுக்குப் பொண்ணு குடுக்கறதும், வாடக வூட்ல தென்னங்கண்ணு நடறதும் ஒண்ணு. காய்க்கறப்ப நாம அங்க இருக்க மாட்டோம்" என்றார். "பர்மனென்ட் ஆவட்டும். அப்பறமா தட்டு மாத்திக்கலாம்."

கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவர் அணுமின் நிலையத்துக்காரர்களின் அணுபுரம் குடியிருப்பில் தோட்ட வேலை செய்கிறவர். மீசை நரைத்த பிறகும் கான்ட்ராக்ட்தான். அவர் வைத்த தென்னைகள் எல்லாம் வேறு யாரோ வீட்டில் காய்த்துக்கொண்டிருந்தன.

ரிசார்ட் மேனேஜரிடம் கேட்டேன். கோடை வெயிலிலும் கோட்டு போடுகிற மனிதர்; எல்லோரும் அவருக்கு 'ப்ரோ'. "பெரிய சூட் ரூம் இருக்குல்ல ப்ரோ, அந்த பாத்ரூமை முடிங்க. ஓனர் மேடம் வந்து பார்த்து ஓகே சொன்னா, நீங்க பர்மனென்ட். சொல்லலைன்னா கான்ட்ராக்ட் அதோட ஓவர்."

என் கல்யாணம் ஒரு பாத்ரூமில் வந்து மாட்டிக்கொண்டது இப்படித்தான்.

அந்த பாத்ரூமுக்கு ஒரு கருங்கல் குளியல் தொட்டி செய்திருந்தார்கள், மாமல்லபுரத்துப் பட்டறையில். கோயில் சிலைகள் செய்து பழகிய ஸ்தபதியின் கை. தெற்குச் சுவரை ஒட்டித் தொட்டியை வைத்து, அதற்கு அப்புறம்தான் கூரையே போட்டார்கள்; இனி திருப்பி வைக்க வழியில்லை. கழிவு நீர்க் குழாயும் தெற்குச் சுவருக்கு அடியிலேயே போட்டாகிவிட்டது. நான் போய்ப் பார்த்தால், தொட்டியின் வாய் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது. சும்மா வாய் இல்லை. சிவன் கோயிலில் அபிஷேகத் தண்ணீர் வெளியே வருமே, கோமுகி, அதே வளைவு, அதே அழகு.

பட்டறைக்கு ஓடினேன். ஸ்தபதி புருவமெல்லாம் கல்தூசியோடு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, தண்ணி தெக்காலதான போவணும்? பைப்பு அங்கதான் கீது."

உளியைக் கீழே வைத்தார். "தெக்கயா? ஏம்பா, அதுல குளிக்கப் போறது மனுசனா, பொணமா?"

"மனுசன்தான். வெள்ளக்காரனாக் கூட இருக்கலாம்."

"அவனுக்கு மட்டும் எமன் தனியா வச்சிருக்கானா?"

"ட்ராயிங்ல இன்னா போட்டிருந்துச்சு?"

"ஒரு முட்டை போட்டிருந்துச்சு. தண்ணி எங்க வுடறதுன்னு கேட்டேன். உங்க பாரம்பரியப்படி பண்ணுங்கன்னு அந்த டிசைனர் பொண்ணு சொல்லிச்சு. எந்தச் செவுருன்னேன். தெக்குன்னுச்சு. வடக்க வாய் வெச்சிட்டேன். பாரம்பரியம் கேட்டா பாரம்பரியம்தான் வரும்."

"அடியில ஒரு ஓட்டை போட்டுக்கட்டா?"

"போடு. விரிஞ்சுதுன்னா ரெண்டு தொட்டியா வச்சிக்க."

திரும்பி வந்தேன். வேறு வழியில்லை. தொட்டி வாயிலிருந்து வடக்குச் சுவர் வரை தரையில் ஒரு வாய்க்கால் வெட்டினேன். சுவரைத் துளைத்துக் குழாயை வெளியே கொண்டுபோய், கட்டடத்தைச் சுற்றித் தெற்கே இணைத்தேன். தொட்டியில் தண்ணீர் நிரப்பித் திறந்துவிட்டேன். என்ன ஓட்டம்! அத்தை பார்த்திருந்தால் வாயடைத்துப் போயிருப்பார்.

ஆனால் அந்த பாத்ரூமில் கதவு ஒரு கோடியில், கமோடு வைக்க வேண்டிய இடம் மறு கோடியில். நடுவில் இருக்கிற ஒரே நடைபாதையை என் வாய்க்கால் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. அது என்ன பெரிய விஷயம், ஒரு எட்டு வைத்தால் தாண்டிவிடலாம் என்று நினைத்தேன்.

துடைக்க வந்த அக்கா வாய்க்கால் வரைக்கும் துடைத்தார். நிமிர்ந்து தொட்டியைப் பார்த்தார். விரல் நுனியால் வாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிட்டார்.

"அக்கா, அந்தாண்ட யாரு தொடைக்கறது?"

"கோமுகியத் தாண்டச் சொல்றியா? வூட்ல வயசுக்கு வந்த பொண்ணு கீது தம்பி. பிரதோஷத்துல அய்யருங்களே தாண்டாம திரும்பி வராங்கோ."

"அக்கா, இது பாத்ரூமு."

"அது உனுக்குத் தெரியும், எனுக்குத் தெரியும். கல்லுக்குத் தெரியுமா?"

சேதி பரவியது. எலக்ட்ரீஷியன் வாசலிலேயே நின்று பல்பை என் கையில் கொடுத்தான். மறுநாள் தொட்டியில் மஞ்சளும் குங்குமமும் ஏறிவிட்டன. மேனேஜர் வந்தார். "சில்லி கய்ஸ்! ஜம்ப் பண்ணுங்க, இப்படி" என்று காலைத் தூக்கினார். தூக்கிய கால் அப்படியே நின்றது. மெல்ல இறக்கினார். "என் வைஃப் சைடுல கொஞ்சம் பக்தி ஜாஸ்தி" என்றார்.

இதையெல்லாம் பார்த்து நான் சிரித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற குடும்பம். எங்கள் முன்னோரைக் கோயில் வாசப்படியிலேயே நிறுத்தியவர்களுக்கு, கோமுகியைத் தாண்டாதே என்று அவர்களிடம் சொல்ல வேண்டிய தேவையே வந்ததில்லை. ஆகவே எனக்கு அந்த விதி செல்லாது என்று தைரியமாக ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கமோடைப் பொருத்தப் போனேன். வாய்க்கால் ஓரத்தில் கால் எழவில்லை. என்ன இருந்தாலும் கல்யாண நேரம். நாலு பக்கமும் பார்த்தேன். தொட்டிக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறிக் குதித்துப் போனேன். தாண்டவில்லை, குளிக்காமல் குளித்துவிட்டுப் போனேன், அவ்வளவுதான். பிறகு எல்லோருக்கும் அதுவே பாதை ஆயிற்று. துடைக்கிற அக்காவும் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தொட்டி வழியாகத்தான் கமோடு கழுவப் போனார்.

ஓனர் மேடம் வந்தார். கதர்ப் புடவை, கூலிங் கிளாஸ், பின்னால் பூச்செண்டோடு நாலு பேர். உள்ளே நுழைந்தவர் வாய்க்காலுக்கு முன்னால் டக்கென்று நின்றார். கண்ணாடியைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"கோமுகிக்கு அந்தப் பக்கம் கமோடா? யார் இதை வெச்சது?"

நாலு பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள். மேனேஜர் என்னைப் பார்த்தார்.

"நான்தான் மேடம்."

"தூக்கிடுங்க. பாத்ரூமுக்குள்ளயே வேண்டாம். தோட்டத்துல, தென்னை மரத்துக்கு அந்தாண்ட, தனியா ஒரு குடிசை போடுங்க. ராத்திரி கெஸ்ட் கையில லாந்தரோட நடந்து போகட்டும். அந்தக் காலத்துல எவ்வளவு அழகா வாழ்ந்திருக்காங்க!"

எங்கள் தெருவில் வீட்டுக்குள் கழிப்பறை கட்டுங்கள் என்று சுவர் சுவராக எழுதி வைத்திருக்கிறார்கள். கட்ட முடியாத வீடுகளில் இன்னும் பெண்கள் இருட்டில் ரெண்டு ரெண்டு பேராகத்தான் போகிறார்கள். இங்கே அப்படிப் போவதற்குத் தனிக் கட்டணம். மேடம் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது; குறை சொல்லக் கூடாது.

"இந்த வாட்டர் லைன் எல்லாம் யார் பாத்துப்பாங்க?" என்றார்.

மேனேஜர் என் தோளில் கை போட்டார். "நம்ம ஆள்தான் மேடம். ஹெரிடேஜ் எல்லாம் அத்துப்படி."

அப்படியாகப் பர்மனென்ட் ஆனேன். கழுத்தில் மாட்டுகிற அட்டையில் 'ஹெரிடேஜ் வாட்டர் எக்ஸ்பீரியன்ஸ் அசோசியேட்' என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டே பெண் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"பிளம்பர்னு எங்கயும் போடலியே?"

"போடல மாமா."

"நல்லதாப் போச்சு. சொந்தக்காரங்க கேட்டா இத்தையே படிச்சுக் காட்டிடலாம்" என்று முதல் தடவையாகச் சிரித்தார்.

தட்டு மாற்றிய அன்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். இந்தக் கதை எல்லாம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். உங்க வூட்ல கக்கூசு எங்க கீது?"

"உள்ளதான்."

"தொட்டியில எறங்கி ஏறணுமா?"

"வேணாம். நேரா நடந்து போலாம்."

"அப்ப நாள் பாக்கச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.