திறந்துவிடாத கேஸ்

ஜம்புநாதன் வங்காளத்தில், பெஹாலாவில் இருபத்திரண்டு வருஷமாக ஏசி மெக்கானிக். பழைய ஏசியைக் கழற்றும்போது எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்துவந்தார். குழாயைத் திறந்து உள்ளே இருக்கும் கேஸை வெளியே விட்டுவிடுவார். 'புஸ்'ஸென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

போன வருஷம் ஒரு பயிற்சி வகுப்பில், அப்படி விடுகிற ஒரு கிலோ கேஸ் கிட்டத்தட்ட இரண்டு டன் கரியமில வாயுவுக்குச் சமமாகப் பூமியைச் சூடாக்கும் என்றார்கள். பஸ்ஸில் திரும்பும்போது, தான் அதுவரை திறந்துவிட்டதை எண்ணிப் பார்த்தார். ஆயிரத்தைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டார்.

"தெரியாமத்தானே செஞ்சீங்க?" என்றாள் மனைவி அமலா.

"ஆமா. இனிமே தெரியாதுன்னு சொல்ல முடியாதே."

அதன்பின் கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் அடைக்கும் மிஷினைத் தூக்கிக்கொண்டுதான் எந்த வேலைக்கும் போனார். ஒவ்வோர் ஏசிக்கும் முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடித்தது. கடை முதலாளி ரங்கராஜன் முணுமுணுத்தார்.

இந்த மே மாதம், பாலிகஞ்சில் ஒரு வீட்டுக்குப் போனார். பழைய ஏசியில் கம்ப்ரஸர் செத்துப்போயிருந்தது. அதைக் கழற்றிய இடத்தில்தான் புதியதை மாட்டவேண்டும். கட்டிலில், பக்கவாதத்தில் விழுந்த ஒரு பெரியவர். தலையணை வியர்வையில் ஊறியிருந்தது. அவருடைய மனைவி தீப்தி விசிறிக்கொண்டிருந்தார்.

ஜம்புநாதன் மிஷினை மாட்டுவதைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு, அண்ணா? சட்டுனு திறந்து விட்டுடுங்களேன். இவர் எப்படித் தவிக்கிறார், பாருங்க" என்றார் வங்க மொழியில்.

குழாயில் வைத்த கை அப்படியே நின்றது. ஒரு திருகு திருகினால் போதும், யாரும் பார்க்கப்போவதில்லை. பெரியவர் வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். எங்கோ இருக்கிற வானத்துக்காகக் கண்ணெதிரே ஒரு மனுஷனை வாட்டுவதா? ஜம்புநாதனுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

"பக்கத்து வீட்டில ஏசி இருக்கா, மாஷிமா?"

"இருக்கு. ஆனா அவங்களோட பேச்சு வார்த்தை இல்லை."

"நான் பேசறேன்."

மணியடித்ததும் கதவைத் திறந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். விஷயத்தைக் கேட்டதும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை; சட்டையைக்கூட மாட்டாமல் பனியனோடு வந்தார். இருவரும் பெரியவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப்போய், அங்கே குளிர்ந்த அறையில் படுக்கவைத்தார்கள். ஆசிரியரின் மனைவி தீப்திக்குத் தண்ணீர் கொடுத்தாள். தீப்தி அழுதுவிட்டார்.

ஜம்புநாதன் திரும்பிவந்து கேஸ் முழுவதையும் சிலிண்டரில் எடுத்தார். புது ஏசியை மாட்டி, அறை குளிர்ந்த பிறகுதான் ஆசிரியரோடு சேர்ந்து பெரியவரைத் தூக்கிவந்தார். அவருக்குப் பேச்சு வராது. ஜம்புநாதனின் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவில்லை.

அதற்குள், அன்று அவர் போகவேண்டியிருந்த மற்ற இரண்டு வீட்டுக்காரர்கள் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனில் ரங்கராஜன் கத்தினார். "நாளையிலேருந்து அந்த மிஷின் வேண்டாம்!"

"அப்போ நானும் வரலை சார்."

ரங்கராஜன் பெருமூச்சு விட்டார்.

"சரி, சரி. காலம்பர கரியாஹாட் போ. ரெண்டு ஏசி கழட்டணும். நேரமாகும்னு சொல்லி வைக்கிறேன்."