ஆற்றோரச் சுவரில் வேலாயி

விஜயராணி வேலை பார்க்கும் ஹோம்ஸ்டேயில் மூன்றாம் நம்பர் அறைக்குத்தான் மவுசு. சன்னலைத் திறந்தால் மலாக்கா ஆறு, அதில் போகும் படகு, எதிர்க்கரையில் ஒரு கடையின் பின்சுவர். அந்தச் சுவரை நீலப் படுதாவால் இரண்டு வாரமாக மூடி வைத்திருந்தார்கள். படம் வரைகிறார்களாம். இந்த ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. சுவர் சும்மா கிடந்தால் யாராவது பெயிண்ட் டப்பாவோடு வந்துவிடுவார்கள்.

திங்கட்கிழமை காலை அறையைச் சுத்தம் செய்யப் போனவள் சன்னல் திரையை விலக்கினாள். படுதாவை எடுத்திருந்தார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு அவளுடைய அம்மா வேலாயி எதிரே நின்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

இறந்து பதிமூன்று வருஷம் ஆன அம்மா. நெற்றியில் சிவப்புப் பொட்டு.

விஜயராணி கத்தவில்லை. திரையை மூடினாள். விளக்கைப் போட்டுக்கொண்டு மெத்தைக்கு விரிப்பு மாற்றினாள். நாலு மூலையையும் மடித்துச் செருகியபின்தான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

ஜாசின் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து கல்யாணமாகி அவள் இந்த ஊருக்கு வந்து இருபத்து நான்கு வருஷம். பாயா ரும்புட்டில் வீடு. கணவன் சேகரன் சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறான். மகள் தேவிஸ்ரீ இங்கேயே படித்து, இங்கேயே ஒரு டிசைன் கடையில் வேலையிலும் சேர்ந்துவிட்டாள். சனி ஞாயிறானால் ஜாலான், சந்து எல்லாம் நெரிசல், பாட்டைக் கதறவிட்டுக்கொண்டு போகும் பேச்சா எனும் சைக்கிள் ரிக்‌ஷாக்கள், ஏறிக்கொண்டே போகும் வாடகை. இருந்தாலும் அவளுக்கு இந்த ஊர் பிடித்திருந்தது. கோலாலம்பூர் மாதிரி ஆளை மென்று முழுங்காது. தோட்டம் மாதிரி மோப்பம் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வராது. இங்கே ஒருத்தி தன் பாட்டுக்கு இருக்கலாம் என்று நம்பியிருந்தாள்.

அம்மாவும் ஒருநாள் அப்படித்தான் நம்பினாள்.

அப்பா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. விஜயராணிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட உடுப்பு வாங்க இரண்டு பேரும் பஸ் ஏறி மலாக்காவுக்கு வந்தார்கள். உடுப்பு வாங்கியபின் அம்மா ஒரு போட்டோ ஸ்டூடியோவுக்குள் நுழைந்தாள். அங்கிருந்த கண்ணாடி முன் நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒட்டுப்பொட்டு அட்டை ஒன்றை எடுத்தாள். ஒன்றைப் பிய்த்து நெற்றியில் வைத்தாள். போட்டோ பிடித்துக்கொண்டு பொட்டோடேயே வெளியே வந்தாள். ரோட்டில் போனவர்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் ஏறுமுன் பொட்டைக் கழற்றிவிட்டு, “ஊர்ல சொல்லாதடி,” என்று சிரித்தாள்.

விஜயராணி சொல்லிவிட்டாள். கோள் மூட்டவேண்டும் என்று இல்லை, பெருமையில். சித்தப்பா பிச்சைமுத்து வீட்டில் போய், “அம்மா டவுன்ல பொட்டு வச்சு போட்டோ பிடிச்சிச்சு, எவ்ளோ அழகா இருந்துச்சு தெரியுமா!” என்றாள். அன்று சாயங்காலமே சித்தப்பா வந்து, “பொட்டு வச்சவளாமே, வச்சுக் காட்டு!” என்றார். அட்டையைத் தேடியெடுத்து வைக்கச் சொன்னார். அம்மா வைத்துக்கொண்டு நின்றாள். லயத்து வீடுகளெல்லாம் பார்க்க, அறைந்துவிட்டு அதைத் தன் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி அழித்தார்.

போட்டோவை வாங்க அம்மா ஸ்டூடியோவுக்குப் போகவில்லை. சாகும்வரை வெறும் நெற்றிதான். மகளிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதுமில்லை. கேட்டிருந்தால் தேவலை.

சேகரனுக்கு இந்தக் கதை தெரியாது. சுவரைப் பார்த்துவிட்டு வந்தவன் தலைகால் புரியாமல் குதித்தான்.

“நம்ம அத்தை டூரிஸ்ட் ஸ்பாட் ஆயிட்டாங்க லா! ரெண்டு வெள்ளக்காரன் பக்கத்துல நின்னு செல்பி எடுக்கறான். ஆமா, அத்தை எப்ப பொட்டு வச்சாங்க?”

“வரைஞ்சவன் வச்சிருப்பான்,” என்றாள்.

வரும் ஞாயிறு தேவிஸ்ரீயின் நிச்சயதார்த்தம். சனிக்கிழமையே சித்தப்பா வருகிறார். எண்பது தாண்டினாலும் உறவில் அவர்தான் பெரியவர். தட்டு மாற்ற அவர் வேண்டும். அவர் கண்ணில் அந்தப் பொட்டு பட்டால்?

மலாக்காவில் ஒருவரைத் தேட இரண்டு பேரைக் கேட்டால் போதும். வரைந்தவன் மிக்கேல்ராஜ் என்றும், அவள் வீட்டுக்கு மூன்று ஜாலான் தள்ளியே குடியிருக்கிறான் என்றும் செவ்வாய்க்கிழமைக்குள் தெரிந்துவிட்டது.

“தம்பி, அந்தப் பொட்ட எடுத்துடேன்,” என்றாள் வாசலிலேயே.

“உள்ள வாங்க ஆண்டி. அது நானா வைக்கல. நாங்க கிறிஸ்டியன், எங்க வீட்ல யாரும் பொட்டே வைக்க மாட்டாங்க. போட்டோவுல அப்படித்தான் இருந்துச்சு.”

மூடிப்போன ஸ்டூடியோ ஒன்றிலிருந்து, யாரும் வாங்க வராத படங்கள் ஒரு பெட்டி நிறைய அவனுக்குக் கிடைத்திருந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினான். விஜயராணி முதன்முதலாக அந்தப் படத்தைப் பார்த்தாள். அம்மாவின் இடுப்பை ஒட்டி, புது உடுப்புப் பையை அணைத்துக்கொண்டு ஒரு சிறுமி.

“சின்னப் பிள்ளைய மட்டும் விட்டுட்டேன் ஆண்டி. சுவத்துல இடம் பத்தல.”

“நல்லதுதான்,” என்றாள். பிறகு, “எங்கம்மா விதவை தம்பி. சொந்தக்காரங்க வர்றாங்க. பார்த்தா அசிங்கமாயிடும்,” என்றபோது குரல் உடைந்தது.

அவன் பதறிப்போனான். “ஐயோ, அழாதீங்க ஆண்டி. கடைக்காரரக் கேட்டுட்டு நான் செஞ்சிடறேன்.”

புதன்கிழமை மூன்றாம் நம்பர் அறைத் திரையைத் திறக்காமலே வேலையை முடித்தாள். ஆனாலும் முதுகில் பார்வை ஊர்ந்தது. தலையணை உறை மாற்றும்போது, கண்ணாடி துடைக்கும்போது, திரைக்கு அந்தப்பக்கம் அம்மா காத்துக்கொண்டிருப்பது தெரிந்தது. வியாழன் மதியம் பொறுக்கமாட்டாமல் திறந்துவிட்டாள். அப்போதுதான் ஒன்று உறைத்தது. அம்மா பல் தெரியச் சிரித்தது அந்த ஒருநாள்தான். அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. ஒருமுறை வாய் திறந்து அதைப் பறித்தாயிற்று. இப்போது மறுபடியும் போய்ச் சொல்லி வைத்திருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மிக்கேல்ராஜ் வீட்டுக்கு ஓடினாள். வேண்டாம், விட்டுவிடு என்று சொல்ல.

“குட் மார்னிங் ஆண்டி! நேத்து சாயங்காலமே முடிச்சிட்டேன். நீங்க அழுதது மனசுக்குக் கஷ்டமா இருந்துச்சு.”

அவன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். நல்லது தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு இருந்த இடம் மட்டும் புண் ஆறிய தோல்போல் வெளிறித் தெரிந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. பொட்டில்லாத நெற்றிக்குக் கீழே அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. போகட்டும், இனிச் சித்தப்பா கண்ணில் பொட்டு படாது என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். மனசு தேறவில்லை.

சனிக்கிழமை மதியம் சித்தப்பாவை ஜாசினிலிருந்து அழைத்துக்கொண்டு வந்த சேகரன், வழியில் விஜயராணியையும் ஏற்றிக்கொண்டான். நேரே வீட்டுக்குப் போகாமல் பாலத்தைத் தாண்டிச் சுவரடியில் வேனை நிறுத்தினான். அவள் தடுப்பதற்குள் கதவைத் திறந்துவிட்டான்.

“மாமா, அங்க பாருங்க. யாருன்னு தெரியுதா?”

கிழவர் கையூன்றி இறங்கி, கண்ணுக்குமேல் கையை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“யாருப்பா? நல்லா சிரிக்குது. சினிமாக்காரியா?”

சேகரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். விஜயராணி வேனை விட்டு இறங்கினாள்.

“அது வேலாயி, சித்தப்பா. எங்கம்மா.”

பக்கத்தில் ஒரு பேச்சா பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது.

“அண்ணியா?” என்றார் அவர். “அண்ணிக்குப் பொட்டு இருக்குமே.”

“நீங்கதான அழிச்சீங்க?”

சேகரனின் சிரிப்பு நின்றது.

“ஆமா,” என்றார் கிழவர். “அழிக்கறப்ப பார்த்த மூஞ்சிதான் எனக்கு ஞாபகம் இருக்கு. பொட்டோட. அதுக்கப்புறம் அண்ணி மூஞ்சிய நான் நிமிந்து பார்க்கவே இல்ல ராணி. அதான் தெரியல.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. போனை எடுத்தாள்.

“தம்பி, பொட்டத் திருப்பி வச்சிடு. இப்பவே வா.”

“ஆண்டி, நாளைக்குத்தான சொந்தக்காரங்க வர்றாங்க?”

“வரட்டும். எல்லாரும் பார்க்கட்டும். நான் சொல்லித்தான் அன்னிக்கு அழிச்சாங்க. முந்தாநாளும் நான் சொல்லித்தான் அழிச்ச. இன்னைக்கும் நான்தான் சொல்றேன், வை.”

கால் மணி நேரத்தில் மிக்கேல்ராஜ் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். சக்கரம் வைத்த சாரத்தைத் தள்ளிக்கொண்டுவந்து, சிவப்பு டப்பாவோடு ஏறினான். சித்தப்பா சுவருக்கு நேர் கீழே, அண்ணாந்தபடி வெயிலில் நின்றார். படம் எடுக்க வந்த ஒரு ஜோடி, அவரைக் கொஞ்சம் நகரச் சொல்லிக் கையைக் காட்டியது. சேகரன் அவர் தோளைப் பிடித்து நகர்த்தப் போனான்.

“விடுங்க,” என்றாள் விஜயராணி. “அவரு நிக்கட்டும்.”