இரண்டு வெள்ளைக் கார்கள்

சனிக்கிழமை காலை ஆறு நாற்பது. முதலில் கண்ணில் பட்டது தண்ணீர்.

கேட்டுக்கு அடியிலிருந்து நுரையோடு வழிந்து, தெருவின் பாதிவரை வந்து, ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. பார்வையைக் கொஞ்சம் உயர்த்தினால் ஹோஸ் பைப். பைப்பின் மறுமுனையில் வெள்ளை பனியனோடு சங்கரலிங்கம் சார். அவருக்கு முன்னால் அந்தக் கார்.

வெள்ளை நிறம். நல்ல நீளம். ஜெர்மன்காரன் செய்தது. கம்பெனி பெயரை எழுதினால் விளம்பரம் என்பீர்கள், வேண்டாம்.

சங்கரலிங்கம் சார் துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். மகளோடு பெங்களூருக்குக் குடிபோகிறார். அங்கே பார்க்கிங் கிடையாது. அதனால் கார் விலைக்கு வந்திருந்தது. வாங்க வந்தவர் பொன்ராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடி பஜாரில் கருப்பட்டி மொத்த வியாபாரம். நான் எதற்கு? எப்போதோ இந்தப் பத்தியில் கார் இன்ஷூரன்ஸ் பற்றி எழுதினேன். அதனால் எனக்குக் கார் தெரியும் என்பது அண்ணாச்சியின் முடிவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இன்ஷூரன்ஸ் எப்படிக் கிடைக்காமல் போகும் என்பதுதான்...

நாலாவதாக ஒருவரும் இருந்தார். தெருவில் நின்ற அண்ணாச்சியின் வேனில், முதுகுக்கு ஒன்றும் இடுப்புக்கு ஒன்றுமாக இரண்டு தலையணை வைத்து உட்கார்ந்திருந்த ஜெயராணி மதினி. அண்ணாச்சியின் மனைவி.

விஷயமே அவர்தான்.

மதினிக்குப் போன வருடம் முதுகுத்தண்டில் ஆபரேஷன். பிசியோதெரபிக்கு வாராவாரம் திருநெல்வேலி போகவேண்டும். போவது கருப்பட்டிப் பெட்டி ஏற்றுகிற அதே வேனில். ரோடு நல்ல ரோடுதான். வேன்தான் நல்ல வேன் இல்லை. வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி, மதினி இறங்கி நின்று, வலி அடங்கியபிறகு ஏறவேண்டும். ஆஸ்பத்திரியில் சரியாகிற முதுகு வீடு திரும்புவதற்குள் பழையபடி ஆகிவிடுகிறது. டாக்டர் சொல்லிவிட்டாராம் - ஒன்று வண்டியை மாற்றுங்கள், இல்லையென்றால் ஊரை மாற்றுங்கள்.

ஊரை மாற்ற முடியாது. கடை இருக்கிறது.

ஆக, குலுங்காத கார் வேண்டும். குலுங்காத கார் புதிதாக வாங்குகிற விலையில் இல்லை. பழையதாகத் தேடியபோது, அதிசயமாக, ஒரே மாடல், ஒரே வருடம், ஒரே வெள்ளையில் இரண்டு கார்கள் அகப்பட்டன. ஒன்று இங்கே. இன்னொன்று வடக்கே தருவைகுளத்தில். ஓடிய தூரமும் விலையும்கூட ஏறக்குறைய ஒன்றுதான்.

பிறகு எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது?

"ஒரு நா தப்பாது, அண்ணாச்சி. மழை பெஞ்சாலும் கழுவுவேன்" என்றார் சார். "வீட்டுல சொல்லுவா, என்னைய என்னைக்காவது இப்படிக் கவனிச்சிருக்கியளான்னு."

அண்ணாச்சி காரைச் சுற்றி வந்தார். கதவில் தன் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். உள்ளே ஊதுபத்தி வாசனை. சீட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை. டயருக்குக்கூட கறுப்பு பாலிஷ். பீச் ரோடு வரை ஒரு சுற்று போனோம். ஸ்பீடு பிரேக்கரில் மட்டும் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம்.

"கதவுல தண்ணி பாட்டில் கெடக்கு" என்றார் சார்.

தண்ணி பாட்டில் இருந்தது. உண்மைதான்.

பழக்கதோஷத்தால் வேறு சிலவற்றையும் பார்த்துவைத்தேன். போர்ட்டிகோ ஓரத்துக் குரோட்டன்ஸ் செடிகளின் இலை நுனி கருகியிருந்தது. கேட்டின் மேல்பாதி பளபளவென்று இருக்க, கீழ்ப்பாதியில் மட்டும் புது பெயின்ட் அடித்து, அதையும் மீறித் துரு எட்டிப்பார்த்தது. பார்த்தேன். அவ்வளவுதான். பத்திரிகைக்காரன் பார்ப்பதற்கும் யோசிப்பதற்கும் நடுவில் பல நேரம் ஒரு நாள் இடைவெளி விழும்.

அடுத்து தருவைகுளம். வீட்டுக்காரர் மிக்கேல், இரண்டு விசைப்படகுகளுக்கு முதலாளி. மூன்றாவது படகு கட்டுகிறார். அதற்காகக் காரைக் கொடுக்கிறார். அந்தக் கார் புங்க மரத்துக்கு அடியில் நின்றது. மேலே காக்கை எச்சம். பின்கதவில் ஒரு நெளிசல். மேட் முழுக்க மணல். கண்ணாடியில் யாரோ பிள்ளை விரலால் மீன் வரைந்திருந்தது. கதவைத் திறந்ததும் வந்த வாசனையைப் பற்றி என்ன சொல்ல... கருவாடு முன்சீட்டில் பயணம் செய்திருக்கிறது.

"கழுவவே மாட்டியளா?" என்றார் அண்ணாச்சி.

"எங்கன கழுவ? குடிக்கவே லாரித் தண்ணி. மழை பெஞ்சா அது குளிக்கும்" என்றார் மிக்கேல். "சர்வீசுக்கு மட்டும் கரெக்டா விட்டுருவேன். பிடிச்சா எடுத்துக்கிடுங்க. இல்லன்னா ஒரு டீயாவது குடிச்சிட்டுப் போங்க."

இந்த வியாபார முறையைக் கண்டு அண்ணாச்சி கொஞ்சம் திகைத்துப் போனார். மிக்கேலே தொடர்ந்தார்: "ஆமா, வேன்ல இருக்காவளே, அவியளுக்காகத்தான கார் பாக்கிய? ஏத்தி ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போய்ப் பாரும்."

அதுவரை யாருக்கும் அது தோன்றவில்லை. சார் வீட்டில் இரண்டு ஆண்கள் போனட்டைத் திறந்து பார்த்தோம், ஹாரன் அடித்துப் பார்த்தோம், பாட்டுப் போட்டுக்கூடப் பார்த்தோம். முதுகு வலிக்கிறவரை வேனிலேயே விட்டிருந்தோம்.

"வேண்டாம், இந்த வாடைக்கு அவ வாந்தி எடுத்துருவா" என்றார் அண்ணாச்சி.

டீ குடித்தோம். கிளம்பினோம்.

வேனில் வரும்போதே அண்ணாச்சி முடிவெடுத்துவிட்டார். "சார் வண்டிதான், தம்பி. பாத்தாலே தெரியலையா? வச்சிருக்கிற மனுசனப் பாரு, வீட்டப் பாரு. அந்தக் கருவாட்டு வண்டிய பஜாருக்குள்ள கொண்டுபோனா ஒருத்தன் மதிப்பானா?"

நான் மறுக்கவில்லை. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பாதி நேரம் காரைப் பார்ப்பதில்லை. விற்கிறவரின் சட்டை மடிப்பை, அவர் வீட்டு வாசலை, அவர் காபி கொடுக்கிற டம்ளரைப் பார்க்கிறார்கள். வீடு வாடகைக்குப் பார்க்கும்போதும் இதுதான். சம்பந்தம் பேசப் போகும்போதும் கிட்டத்தட்ட இதுதான், இல்லையா?

முன்பணம் கொடுக்க மறுபடி சார் வீட்டு வாசலில் வேன் நின்றது. கேட்டருகே சார் வந்தார். அண்ணாச்சி இறங்கினார். அப்போது வேன் ஜன்னலிலிருந்து மதினியின் குரல்.

"சார், காரு கழுவுதியளே, எந்தத் தண்ணி?"

"போர்த் தண்ணிதான்மா. நல்ல ஊத்து. கோடையில கூட வத்தாது."

"வாயில வைக்க முடியுமா?"

சார் சிரித்தார். "தூத்துக்குடியில எந்த போர்த் தண்ணிய வாயில வைக்க முடியும்?"

மதினி சிரிக்கவில்லை. அவர் பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம், தாமிரபரணிக் கரையில். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து அவருக்கும் உப்புத் தண்ணீருக்கும் சண்டை. பருப்பு வேகாத சண்டை, சோப்பு நுரைக்காத சண்டை, தலைமுடி கொட்டுகிற சண்டை. நாங்கள் எல்லாம் காது கொடுத்ததில்லை.

"ஏங்க, அந்த கேட்டோட அடியப் பாருங்க" என்றார் அண்ணாச்சியிடம். "வழிஞ்சு ஓடுத தண்ணி பட்டே இரும்பு இப்படி அரிச்சிருக்கு. தெனமும் குளிச்ச காரு அடி என்ன கதியில இருக்கோ."

மூன்று ஆண்களும் கேட்டைப் பார்த்தோம்.

இந்த ஊரில் எல்லார் வீட்டிலும் இரண்டு தண்ணீர் உண்டு. குழாயில் வருகிற நல்ல தண்ணீர் ஒன்று. போர்த் தண்ணீர் ஒன்று. ரசத்துக்கு எது, பாத்ரூமுக்கு எது என்று ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். காருக்கு எது என்று மட்டும் யாரும் யாரையும் கேட்பதில்லை. உப்பு விளைகிற ஊர்க்காரர்களுக்கு உப்பு ஒரு பொருளாகவே தெரிவதில்லை.

சாருக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனால் நேர்மையான மனிதர். "சந்தேகத்தோட குடுக்க எனக்கு இஷ்டமில்ல. தூக்கியே பாத்துருவோம்" என்று அவரே சாவியை எடுத்தார்.

பைபாஸில் ஒரு ஒர்க்‌ஷாப். கார் லிப்டில் ஏறியது. ஆள் உயரத்துக்குப் போனதும் அடியிலிருந்து செதில் செதிலாகத் துரு உதிர்ந்தது; அப்பளம் நொறுங்குவதுபோல. எந்தக் குலுங்காத சவாரிக்காக இந்தக் காரைத் தேடி வந்தோமோ, அந்த சஸ்பென்ஷனைத் தாங்குகிற இரும்புதான் அதிகம் தின்னப்பட்டிருந்தது. 'டக்' சத்தத்துக்கும் தண்ணி பாட்டிலுக்கும் சம்பந்தமில்லை.

"இதுல போல்ட்டக் கழட்டுனா போல்ட்டு மட்டும் வராது, சார். கூடவே என்னென்ன வரும்னு சொல்ல முடியாது" என்றார் மெக்கானிக்.

சார் தன் காரின் அடிப்பாகத்தை முதல் தடவையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். மேலே அதே பளபளப்பு. கீழே இது.

"அடியிலயும் அடிப்பேனே" என்றார் மெதுவாக. "குனிய முடியாதுன்னு தரையில படுத்துக்கிட்டுல்லா அடிப்பேன்."

அந்தக் காருக்கு அவர் செய்த குற்றம் என்று பார்த்தால், அக்கறை ஒன்றுதான்.

அன்று மாலையே மிக்கேலின் காரும் அதே லிப்டில் ஏறியது. அதிலும் துரு இல்லாமல் இல்லை. கடற்கரைக் கார், எப்படி இல்லாமல் போகும்? ஆனால் தேய்த்தால் போகிற துரு. போல்ட் போல்ட்டாகவே கழன்று வந்தது. மெக்கானிக் தலையாட்டினார்.

அண்ணாச்சி ஆட்டவில்லை. நெளிந்த கதவைப் பார்த்தார். மூக்கைத் தேய்த்தார். ரிப்பேர் செலவுகூட அவருக்குப் பெரிதில்லை.

"பஜார்ல என்ன சொல்லுவான்..." என்று இழுத்தார்.

மதினி வேனிலிருந்தே கேட்டார்: "பஜாரா எங்கூட திருநவேலிக்கு வாரான்?"

கார் கைமாறியது.

மிக்கேலின் கார் இப்போது அண்ணாச்சி வீட்டு வாசலில் நிற்கிறது. வாசனைக்கு அடுப்புக்கரி வைத்தார்கள், காபித்தூள் வைத்தார்கள், பாதி நறுக்கிய எலுமிச்சையும் வைத்தார்கள். இப்போது கரி, காபி, எலுமிச்சை, கருவாடு என்று நாலு வாசனையும் வருகிறது. பஜாரில் ஒருவர் எட்டிப்பார்த்து, "என்ன அண்ணாச்சி, கருப்பட்டிய விட்டுட்டுக் கருவாடு யாவாரம் ஆரம்பிச்சாச்சா?" என்று கேட்டாராம். "சைடு பிசினஸ்வே" என்று சொல்லிவிட்டு வந்தாராம் அண்ணாச்சி. அந்த அளவுக்குத் தேறிவிட்டார்.

சங்கரலிங்கம் சார் எனக்கு போன் செய்தார். வாங்க வருகிறவரிடம் துருவைச் சொல்லியே விற்பதாக முடிவு செய்திருக்கிறார். இன்னொன்றும் கேட்டார்: குரோட்டன்ஸுக்கும் இனி நல்ல தண்ணிதான் ஊற்றவேண்டுமா? ஆமாம் என்றேன்.

போன செவ்வாய்க்கிழமை மதினிக்குத் தெரபி. நானும் திருநெல்வேலி போகவேண்டியிருந்தது, முன்சீட்டில் தொற்றிக்கொண்டேன். அண்ணாச்சி ஓட்டினார். வாசனைக்காக நாலு கண்ணாடியும் இறக்கியிருந்தது. புதுக்கோட்டையில், வழக்கமாக முதலில் நிறுத்துகிற டீக்கடை வந்ததும் அண்ணாச்சியின் கால் தானாக பிரேக்குக்குப் போனது. பின்சீட்டிலிருந்து குரல் வரவில்லை. நிறுத்தாமல் மெதுவாகக் கடந்தார். அடுத்த இடம், வாகைக்குளம் டோல்கேட். அங்கேயும் குரல் வரவில்லை.

"இவளே, நிக்கணுமா?" என்றார் அண்ணாச்சி, ரோட்டைப் பார்த்தபடி.

நான் திரும்பிப் பார்த்தேன்.

இரண்டு தலையணையும் கீழே கிடந்தன. மதினி தூங்கிக்கொண்டிருந்தார்.